ப்ராக் ராக் கேட்க எதை வாங்குவது? – கடிதம்

வணக்கம். யெஸ், கிங் கிரிம்ஸன் என்ற ப்ராக் ராக் (ப்ரோக்ரெஸிவ் ராக்) இசைக்குழுக்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்த இசைக்குள் வந்தேன். இதுவரை இயர்போனில்தான் கேட்டு வருகிறேன். இப்போது வீட்டுக்கென்று ஒரு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, டைல்ஸ் தரை. டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) இல்லாமல் இதைக் கேட்பதே வீண் என்கிறார் நண்பர். சப்வூஃபரோடு (அடியொலிக்கென்று தனிப் பெட்டி) ஒரு சவுண்ட்பார் போதும் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

இரண்டும் வேண்டாம். ஒரு ஜோடி ஸ்பீக்கர், அதற்கேற்ற ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குங்கள். பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகட்டும்.

கிங் கிரிம்ஸனின் 1973 ஆல்பமான ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். சில நிமிடங்களுக்கு ஜேமி மியூரின் தாளக்கருவிகள் மட்டும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய சன்னத்தில். பிறகு வயலின். அதன் பிறகுதான் குழுவின் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டார் முழு பலத்தோடு இறங்குகிறது. மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள இந்த இடைவெளிதான் இந்த இசையின் உயிர். சிறிய சவுண்ட்பார்கள் பெரும்பாலும் மெல்லியதைத் தூக்கி, உரத்ததை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது பேஸ், அதாவது அடியொலி. யெஸ்ஸின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரை விரலால் அல்ல, பிக்கால் வாசித்தவர். அந்த ஒலியில் அடிக்கனமும் உண்டு, உலோகக் கீறலும் உண்டு. மலிவான சப்வூஃபர் கனத்தை மட்டும் பிடுங்கி மூலையில் உறுமும். கீறல் வேறொரு பெட்டியிலிருந்து வரும். ஒரு மனிதர் வாசிப்பது இரண்டு துண்டாகக் கேட்கும். ஆறரை அங்குல வூஃபர் (அடியொலி தரும் கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இதை ஒன்றாகவே தரும். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, 87 டெசிபலுக்குக் குறையாமல் பாருங்கள். அது 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுத்தாக வேண்டும். உங்கள் அறைக்கு 50 வாட் தாராளம்.

இனி அறை. ஸ்பீக்கரைவிட இதுதான் உங்களுக்குப் பெரிய வேலை வைக்கும். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் அருகில் ஒத்ததிரும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதனால் அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் அறையே கும்மென்று இரையும், பக்கத்து ஸ்வரங்கள் அமுங்கிப்போகும். காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைப்பீர்கள். மூலையில் வைக்காதீர்கள். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இழுங்கள். உட்காரும் இடத்தையும் சுவரோடு ஒட்டாமல் ஓரடி ஓரடியாக நகர்த்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். டைல்ஸ் மீது கனமான கம்பளம் விரித்துவிடுங்கள். அது பேஸுக்கு உதவாது, ஆனால் சிம்பலின் கூச்சலை அடக்கும்.

டர்ன்டேபிள் பற்றி. இந்த ஆல்பங்கள் இசைத்தட்டுக்காகவே எழுதப்பட்டவை என்பதில் உங்கள் நண்பரோடு எனக்குச் சண்டையில்லை. யெஸ்ஸின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் அதே பெயருள்ள பாட்டு 18 நிமிடத்துக்கும் மேல் ஓடி முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் தட்டின் உட்புறத்துக்கு வரும்போது ஊசிக்குக் கீழே பள்ளம் நகரும் வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதிகூட இராது. பாட்டின் உச்சம் வந்து விழுவதும் அங்கேதான். மலிவான கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) அந்த இடத்தில் கரகரக்கும். உங்கள் ஒரு லட்சத்தில் டர்ன்டேபிளுக்கு ஒதுக்கினால் ஸ்பீக்கர்தான் இளைக்கும்.

அதற்குப் பதில் நல்ல பதிப்பைத் தேடுங்கள். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் ‘லார்க்ஸ் டங்ஸ்’ ஆல்பத்தை 2012இலும், ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தை 2013இலும் மூல நாடாக்களிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். சத்தத்தை ஏற்றி நசுக்காத வேலை அது. கேபிளுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை இந்த டிஸ்க்குகளுக்குக் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது இந்த இரண்டையும் கொண்டுபோங்கள். இரண்டிலும் டிரம்ஸ் பில் ப்ரூஃபோர்ட்தான். அவருடைய ஸ்னேர் டிரம் அடி, மற்ற எல்லாம் உச்சத்தில் முழங்கும்போதும் தனியாக, காய்ந்த மரத்தில் தட்டியதுபோலக் கேட்க வேண்டும். கேட்காத ஸ்பீக்கரை, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள்.