மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி: ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள தம்பியை தினமும் டர்பன் கடற்கரையில் நடக்க வைக்கச் சொல்கிறார்கள், அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் பல ஆய்வுகள் மிகச் சிறியவை. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட தொகுப்பில் தேறியவை மூன்றே ஆய்வுகள். அதே ஆண்டு ஒரு ஜெர்மன் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. மூன்று மாதம் சைக்கிள் மிதித்த நோயாளிகளுக்கு, மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் 12 சதவீதம் வளர்ந்ததாம். மிதித்த நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா? எட்டு. ஒப்பிட்டுப் பார்த்த நோயாளிகளும் எட்டுப் பேர்தான். அவர்கள் மேசைக் கால்பந்து ஆடினார்கள். பிறகு நெதர்லாந்தில் செய்த ஆய்வில் அந்த வளர்ச்சி தென்படவில்லை.

இன்னொரு சிக்கல். மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். நடப்பவருக்குத் தான் நடப்பது தெரியாமல் இருக்குமா? கூட ஒருவர் வந்து பேசினாலே மனம் தெம்பாகும். அப்புறம், நோய் முற்றியவர்கள் பாதியில் விலகிவிட்டால் மிச்சக் கணக்கு அழகாகத்தான் தெரியும்.

எடை விஷயத்தில் ஆதாரம் பலமானது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 291 பேர் இருந்தார்கள். உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் பெற்றவர்களுக்கு, 18 மாதத்தில் மற்றவர்களைவிட சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. மனச்சிதைவுக்குத் தரும் ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. தம்பியைக் கூட்டிக்கொண்டு நடங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்.