சுரங்கம் வந்தால் பக்கத்து போர்வெல் ஏன் வற்றுகிறது?

தென்னாப்பிரிக்காவில் டண்டி, நியூகாசில் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் வருகிறது என்றாலே எழும் கேள்வி இது. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். சுற்றுப்புற நீரும் குழியை நோக்கிச் சரியும். இதுதான் நீர்மட்டச் சரிவு. ஆற்று மணலில் பெரிய ஊற்றை இறைத்தால் பக்கத்துச் சின்ன ஊற்று வற்றுமே, அது போல. ஆனால் பாறையில் நீர் வெடிப்பு வழியே ஓடுவதால், கிட்டத்துக் கிணறு தப்பி தூரத்துக் கிணறு வற்றுவதும் உண்டு.

வேலை தொடங்குமுன்பே மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை உங்கள் கிணற்றின் நீர்மட்டம், அமிலத்தன்மை, சல்பேட் உப்பு மூன்றையும் அளந்து வையுங்கள் (அளக்கச் சில மணி நேரம் முன்பே பம்பை நிறுத்துங்கள்). இந்தக் கணக்கு இல்லாமல் இழப்பீடு கேட்டால் எடுபடாது.

சுரங்கத்தை மூடினால் தொல்லை தீரும் என்பது தப்புக் கணக்கு: பம்பு நின்றதும் நீர் ஏறி, காற்றுப் பட்ட பைரைட்டோடு (பாறையிலுள்ள இரும்பு-கந்தகக் கனிமம்) கலந்து அமிலமாகும், 2002-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்திலிருந்து அப்படித்தான் அமில நீர் வெளியே வழிந்தது.