மாலை போடும் முன் மருத்துவமனைக்குப் போங்கள்

கேள்வி: பாலக்கோடு அருகே எங்கள் ஊர். கல்குவாரியில் வேலை செய்யும் என் கணவர் பல வருடங்களாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறார். போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவதற்காகச் சட்டென்று நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் நடுங்க, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். காற்று, கருப்பு என்று மந்திரித்தோம். இந்த வருடமும் மாலை போடுவேன் என்கிறார். ஓசூர் கம்பெனியில் இருக்கும் கொழுந்தனாரும் சேர்ந்து போடுகிறார். அவர் சனிக்கிழமை மட்டும் குடிப்பவர். என்ன செய்வது?

பதில்: கொழுந்தனார் இன்றைக்கே நிறுத்தலாம். வாரத்துக்கு ஒருநாள் குடிப்பவருக்கு நிறுத்துவதால் பொதுவாக ஆபத்து வராது. குடித்துவிட்டு அவர் பைக் எடுப்பதுதான் எனக்குக் கவலை.

உங்கள் கணவர் விஷயம் வேறு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சாராயச் சத்து. தினமும் அதைப்போல இரண்டு மடங்கு உள்ளே போகும்போது, மந்தப்படுத்தும் மதுவை எதிர்த்து நரம்புகள் எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகின்றன. மது திடீரென்று நின்றாலும் முறுக்கு உடனே தளராது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாதது தெரியும், பிதற்றல் வரும். போன வருடம் நீங்கள் பார்த்தது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

அதனால் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, போன வருடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அநேகமாக உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதுவரை தானாக நிறுத்த வேண்டாம். "தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்" என்று பக்கத்து கிளினிக்கில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி யாராவது மாத்திரையோ பொடியோ தந்தால் வாங்காதீர்கள். சில மருந்துகளின் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார்கள்.

வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 108. மற்ற சந்தேகங்களுக்கு 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்று. விரத நாட்களைச் சுத்தமாகக் கடந்தவர்களில் பலர் மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போகிறார்கள். குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அந்த வாரத்துக்கே மருத்துவரிடம் இப்போதே தேதி வாங்கி வையுங்கள்.