வயிற்றுவார் கட்டினால் கடிக்கும் குதிரை: ஏற்காடு சீசனுக்குள் பழக்க முடியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். வாழப்பாடி பக்கம் மூன்று ஏக்கரில் மரவள்ளியும் மாட்டுத் தீவனமும் போட்டிருக்கிறேன். போன ஆடியில் அந்தியூர் சந்தையில், நான்கு வயது என்று சொல்லி ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். மே மாதம் ஏற்காட்டில் சவாரிக்கு விடலாம் என்று எண்ணம். கயிற்றைப் பிடித்து நடத்தினால் சாதுவாக வருகிறது. சேணம் வைத்து வாரை இறுக்கும்போதுதான் திரும்பிக் கடிக்கிறது. என் அக்கா மகனுக்குத் தோளில் பல் பதிந்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்தால் துள்ளுகிறது. ஒரு நாள் பட்டினி போட்டு முள் கடிவாளம் மாட்டினால் அடங்கிவிடும் என்கிறார் ஊரில் முன்பு ஜட்கா ஓட்டியவர். எனக்கு மனம் வரவில்லை. நேப்பியர் புல், தவிடு, கொஞ்சம் மரவள்ளித் திப்பி போடுகிறேன். படங்கள் அனுப்பியிருக்கிறேன். மே மாதத்துக்குள் தயாராகுமா?

பதில்: வணக்கம். உங்களுக்கு மனம் வராததே நல்லதாயிற்று. முள் கடிவாளத்தை வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். 1965-ஆம் ஆண்டின் வண்டி மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. சட்டம் இருக்கட்டும், அது உங்கள் சிக்கலைத் தீர்க்கவும் செய்யாது. குதிரைக்கு நோவு வயிற்றுப் பக்கம். நீங்கள் வாயில் இன்னொரு நோவைக் கூட்டினால் அது எந்த நோவுக்கு அடங்கும்?

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை மயிர் இருக்கிறது. செம்பழுப்புக் குதிரைக்கு அந்த இடத்தில் வெள்ளை பிறவியில் வருவது அபூர்வம். சேணம் அழுத்தி, தோல் உள்ளே வெந்து ஆறிய தழும்பில்தான் மயிர் அப்படி வெளுத்து முளைக்கும். உங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ பொருந்தாத சேணத்தைக் கட்டி இதை ஓட்டியிருக்கிறார்கள். வாரை இறுக்கினால் அடுத்து வலி வரும் என்று அது கற்று வைத்திருக்கிறது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயில்லா ஜீவனுக்குப் பல்தான் பேச்சு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் மூன்று விரலால், மாவு பிசையும் அழுத்தத்தில் கழுத்திலிருந்து இடுப்பு வரை அழுத்திக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் முதுகை நெளித்தால் அங்கே நோவு இருக்கிறது. முன்னங்கால் முட்டிக்கு மேலே, நெஞ்சோடு சேரும் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள், வார் உரசிய புண் அங்கேதான் ஒளிந்திருக்கும். சேணத்தின் அடியில் நடுமுதுகுக்கு மேல் காற்றுப் போகும் வழி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பாரம் தண்டெலும்பில் விழக்கூடாது, இருபுறத் தசையில் விழ வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு மட்டக்குதிரையைக் காட்டினார்கள், ‘ஆளைத் தூக்கி எறிகிறது’ என்று. விரிப்பை எடுத்தேன். விரல் நுழையும் ஆழத்துக்கு முதுகில் புண், உள்ளே புழு. அதன் மேல் அன்று காலைதான் இரண்டு குழந்தைகளை ஏற்றியிருந்தார்கள். இன்றும் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் என் கை முதலில் விரிப்புக்கு அடியில்தான் போகிறது.

பட்டினி யோசனை முள் கடிவாளத்தைவிடத் தவறானது. குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுவதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் வேலை வாங்கினால் அமிலம் மேலே தெறித்து இரைப்பையின் மேல்பகுதியைப் புண்ணாக்கும். வார் கட்டும்போது கடிப்பதற்கு இரைப்பைப் புண்ணும் ஒரு பழகிய காரணம். அதனால் சேணம் கட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு கைப்பிடி புல்லாவது தின்னக் கொடுங்கள். ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் முழுதாகக் காட்டிவிடுங்கள். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம், இல்லையென்றால் நாமக்கல். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்கு ஓரத்து முன்பல் நாலரை வயது வாக்கில்தான் விழுந்து முளைக்கும். ஓரத்தில் இன்னும் பால்பல் இருந்தால் வயது சந்தையில் சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம், பாரத்தையும் குறைக்க வேண்டும்.

நோவு இல்லை, இருந்தது ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு பழக்கத் தொடங்குங்கள். குதிரை நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தால் கற்பதில்லை. அழுத்தத்தை நீங்கள் எடுக்கிற அந்த நொடியில்தான் கற்கிறது. எடுப்பதற்குச் சற்று முன்பு அது என்ன செய்ததோ, அதுவே சரி என்று மனதில் வைத்துக்கொள்ளும். இது கடிக்கப் பழகியதும் அப்படித்தான்: அது கடித்தது, ஆள் வாரை விட்டுவிட்டு ஓடினார், வலி நின்றது. இப்போது அதைத் தலைகீழாக்க வேண்டும்.

முதல் வாரம் சேணத்தை அதன் கண்ணிலேயே காட்டாதீர்கள். முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் அணுகாதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குப் பார்வை கிடையாது. தோளுக்கு நேராக, பேசிக்கொண்டே போங்கள். இடது தோளில் கையை வைத்து மெதுவாகக் கீழே, வார் வரும் இடத்தை நோக்கி நகர்த்துங்கள். கண் அதன் காதில் இருக்கட்டும். காது பின்னால் மடியத் தொடங்கினால் கை அங்கேயே நிற்க வேண்டும். மேற்கொண்டு நகர்த்தவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். ஐந்தாறு மூச்சு பொறுங்கள். காது தளரும், கண்ணை இமைக்கும், சில நேரம் உதட்டை நக்கும். அப்போது உடனே கையை எடுத்துவிட்டு, பிடரி முடியும் மேட்டில் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான், அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே இறங்கும். வெல்லத்தைக் கையில் வைத்து ஊட்டாதீர்கள், கடிக்கிற குதிரைக்குக் கையைத் தேடும் பழக்கம் வரக்கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாளியில் போடுங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை, அதற்கு மேல் வேண்டாம். கை பழகியதும் மடித்த கோணிப்பை, பிறகு பருத்தி நாடா. நாடாவை வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் கையிலேயே பிடியுங்கள், கட்டாதீர்கள். லேசாக இறுக்கிப் பிடித்து, அது அமைதியாக நிற்கும் நொடியில் தளர்த்துங்கள். இது நாலைந்து நாளில் ஒட்டிவிடும். அதன் பிறகுதான் சேணம். வாரை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். முதல் ஓட்டையில் மாட்டிப் பத்தடி நடத்துங்கள், அடுத்த ஓட்டை, மறுபடி நடை. கடைசியில் வாருக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முடித்ததும் முன்னங்கால் இரண்டையும் ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிவிட்டால் வாருக்கடியில் சுருங்கிய தோல் நிமிர்ந்துகொள்ளும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பல புண்கள் வருகின்றன.

நடுவில் ஒரு நாள் மறுபடி கடிக்க வந்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். அடிக்காமல், கத்தாமல், முந்தைய படிக்கே திரும்புங்கள். உங்கள் அக்கா மகன் இப்போதைக்கு அருகில் வர வேண்டாம். பயந்த கை நடுங்கும், அந்த நடுக்கம் குதிரைக்கு எட்டும்.

ஹாரன் பயத்துக்கும் இதே வழிதான். ஆத்தூர் சாலை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திப் ‘பழகட்டும்’ என்று விடாதீர்கள். வயலுக்குள் தள்ளி, சத்தம் கேட்டால் காது நிமிர்கிறது, கால் நகரவில்லை என்ற தூரத்தைக் கண்டுபிடித்து அங்கே மேய விடுங்கள். தினம் நாலடி கிட்டே. குடை, பலூன், படபடக்கும் பாலிதீன் பை, ஓடிவரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே இப்படிக் காட்டிவிட வேண்டும். ஏற்காடு ஏரிக்கரையில் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் வரும்.

தீனிக்கு வருகிறேன், இது உங்கள் ஊருக்கே உரிய சிக்கல். நேப்பியரில் ஆக்சலேட் அதிகம், அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே திசையில் இழுக்கும். இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்துப் போட்டால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் உப்பும், காரணம் தெரியாமல் நொண்டும். மாட்டுக்கு ஒத்துப்போவது குதிரைக்கு ஒத்துப்போகாது. நேப்பியரைப் பாதிக்குக் கீழே குறைத்து, சோளத்தட்டையோ மேய்ச்சல் புல்லோ கூட்டுங்கள். குதிரை மசால் ஒரு ஐந்து சென்ட் போடுங்கள், பெயரிலேயே இருக்கிறது யாருக்கு உகந்தது என்று. கொள்ளு ஊறவைத்து வேகவைத்து, நாளைக்கு ஒரு கிலோவுக்குள், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

திப்பியை இன்றோடு நிறுத்துங்கள். மாவுச்சத்து திடீரென்று குடலில் புளித்தால் வயிற்றுச் சூலையும் குளம்பு அழற்சியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது உள்ளேதான். மரவள்ளித் தோலும் இலையும் சயனைடு உள்ளவை. சவுண்டல் (சூபாபுல்) இலையை ஆட்டுக்குப் போடுவது போல இதற்குப் போட்டால் பிடரியும் வாலும் கொட்டும். ஏற்காடு போனால் எஸ்டேட் ஓரம் பட்டர் ஃப்ரூட் மரத்தில் கட்டிவிடாதீர்கள், அதன் இலை குதிரைக்கு நஞ்சு. எல்லாவற்றையும்விட முக்கியம் கோழித்தீவனம். நாமக்கல் பக்கத்திலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுப்பார்கள். அதில் கோழிக்காகச் சேர்க்கும் மோனன்சின் என்ற மருந்து இருக்கலாம். கோழி தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். கலந்த மூட்டையின் தூசி பட்ட வாளியில்கூட வைக்காதீர்கள்.

உடற்பயிற்சி வார் பழகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெறும் கயிற்றில் தினம் அரை மணி நடையில் தொடங்கி, மூன்றாவது வாரம் லேசான மேடு சேருங்கள். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகும், தசைநாணும் குளம்பும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். ‘களைப்பே இல்லை’ என்று ஏமாந்து அதிகம் வேலை வாங்கினால் கால் வீங்கும். தாடை எலும்பின் உட்பக்கம் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நடை முடிந்து பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம்.

எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை டேப் எடுத்துக் கணக்குப் போடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். 150-ம் 140-ம் வந்தால் சுமார் 265 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 53 கிலோ, சேணத்தையும் சேர்த்து. சேணம் எட்டுக் கிலோ என்றால் ஆள் 45 கிலோவுக்கு மேல் கூடாது. படத்தில் உங்கள் குதிரை ஏறக்குறைய இந்த அளவாகத்தான் தெரிகிறது. அப்படியானால் இது பிள்ளைகளுக்கான குதிரை. பெரியவர் கூடுதல் காசு நீட்டினாலும் ஏற்றாதீர்கள். பிள்ளைக்குத் தலைக்கவசம் போடுங்கள், ஆனால் பிள்ளையைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். குதிரை விழுந்தால் கட்டிய பிள்ளை அதற்கடியில் போய்விடும். நீங்களும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

தடுப்பூசியில் ரண ஜன்னி ஊசி கட்டாயம், குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் பிராணி இல்லை. முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு. மற்ற குதிரைகளோடு சேருவதற்கு முன் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் வேண்டும், அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிடுங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவுங்கள், மலைக்குப் போகும் முந்தின நாள் புது லாடம் அடிக்காதீர்கள்.

மலை ஏற்றுவதாக இருந்தால் சீசனுக்கு ஒரு வாரம் முன்பே. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, வண்டியில் நிற்க இங்கேயே நாலைந்து முறை பழக்கிவிடுங்கள். தளத்தில் மணல் அல்லது தேங்காய் நார்ப்பாய் போட்டு, ஓட்டுநரிடம் வளைவில் நிதானம் கேளுங்கள். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், இரவுக் குளிருக்கும் பனிக்கும் படுக்கை காய்ந்திருக்க வேண்டும். வேலை நேரத்துக்கு நான் முன்பு சொன்ன 1965 விதிகளில் நாளைக்கு ஒன்பது மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் என்பது உச்சவரம்பு. வெயில் 37 டிகிரி தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. அந்த உச்சவரம்பு வளர்ந்து பழகிய பிராணிக்கு. முதல் சீசனில் உங்களுடையதற்கு நாலு மணி நேரம் போதும், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

இன்று பிப்ரவரி இரண்டாம் வாரம், மே மாதத்துக்குப் பதினோரு வாரம் இருக்கிறது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி வாக்கில் குதிரையைக் கட்டாமல், தலைக்கயிற்றைத் தோளில் தொங்கவிட்டு நீங்களே வாரை மாட்டிப் பாருங்கள். காதை மடக்காமல் நின்றால் மலைக்குக் கூட்டிப்போகலாம். காது மடிந்தால் இந்த ஆண்டு வேண்டாம். வண்டி வாடகைக்கு முன்பணம் அந்தத் தேதிக்கு முன் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு அந்த முதுகுத் தழும்பை வெயில் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு காசு வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், சேணத்தின் அடிப்பக்கப் படத்தையும் சேர்த்து.