மோசஸ் ஷபீரா உண்மையிலேயே மோசடிக்காரரா?

கேள்வி: பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தின் மிகப் பழைய பிரதி என்று மோசஸ் ஷபீரா கொண்டுவந்த தோல் சுருளைப் போலி என்று 1883-லேயே அறிஞர்கள் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சிலர் ஏன் அவருக்காக வாதாடுகிறார்கள்?

வாதாடுகிறவர்களில் நானும் ஒருவன். பழைய பத்திரங்களையும் நில வழக்குகளையும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால், இந்த விவகாரத்தை நான் பார்க்கும் விதம் ஆய்வாளர்கள் பார்ப்பதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். ஓர் ஆவணம் உண்மையானதா என்பது ஒரு கேள்வி. அதைக் கொண்டுவந்தவர் யோக்கியரா என்பது இன்னொரு கேள்வி. 1883 ஆகஸ்டில் லண்டனில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். ஆள்மீது இருந்த சந்தேகத்திலேயே ஆவணத்தின் கதையையும் முடித்தார்கள். நான் எதிர்ப்பது அதைத்தான்.

ஷபீரா 1830-ல் காமெனெட்ஸ்-பொடோல்ஸ்க் என்ற ஊரில் யூதராகப் பிறந்தவர். அன்று அது ரஷ்யப் பேரரசு, இன்று உக்ரைன். ஜெருசலேமுக்கு வரும் வழியில் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு ஞாபகப் பொருள்கள் விற்கும் கடை போட்டு, படிப்படியாகப் பழம்பொருள்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் யேமன் வரைக்கும் போய் எபிரேயப் பிரதிகள் சேகரித்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் பெர்லினுக்கும் அவர் விற்ற எபிரேயப் பிரதிகள் பலவும் அசலானவை. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவரைத் திட்டுகிறவர்கள் இதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை.

அவர் பெயர் கெட்டது மண்பாண்டங்களால். 1868-ல் சாக்கடலுக்குக் கிழக்கே தீபானில், மோவாப் என்ற பண்டைய நாட்டின் ராஜா மேசாவின் கல்வெட்டு வெளிப்பட்டது. பைபிளின் 2 இராஜாக்கள் புத்தகத்தில் வரும் அதே மேசாதான். உடனே ஐரோப்பிய நாடுகள் மோவாப் பொருள்களுக்காகப் போட்டி போட, சந்தையில் மோவாப் பொம்மைகளும் பானைகளும் குவிந்தன. ஷபீரா சுமார் 1,700 உருப்படிகளைப் பிரஷ்ய அரசுக்கு விற்றார். அத்தனையும் போலி என்று 1874-ல் அம்பலப்படுத்தியவர் ஜெருசலேமில் பிரெஞ்சுத் தூதரகத்தில் இருந்த சார்ல் க்ளெர்மோன்-கானோ. செய்த கை சலீம் அல்-காரி என்ற உள்ளூர் ஓவியருடையது என்று அவர் காட்டினார். ஷபீரா ஏமாந்தாரா, ஏமாற்றினாரா என்று இன்றுவரை தகராறு. ஜெர்மன் பாதிரியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மோவாபுக்கே போய்த் தோண்டிப் பார்த்திருக்கிறார் இந்த மனுஷன். முன்கூட்டியே புதைத்து வைத்திருந்த பொம்மைகள் அங்கே கிடைத்தன என்பது வேறு கதை. இதில் பேராசையும் அவசரமும் எனக்குத் தெரிகிறது. சதி தெரியவில்லை.

சரி, சுருளுக்கு வருவோம். 1878-ல் பெதுயின்கள் என்ற நாடோடி அரபிகள் சிலர் மூலம் அவருக்குக் கிடைத்தவை கறுத்துப் போன தோல் பட்டைகள். அர்னோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இன்றைய வாதி முஜிப்பில், ஒரு குகையில் துணியில் சுற்றிக் கிடந்தன என்று சொன்னார்கள். எழுத்து மேசா கல்வெட்டில் இருப்பது போன்ற பண்டைய எபிரேய எழுத்து. உள்ளே இருந்தது மோசேயின் கடைசிப் பேச்சு, அதாவது உபாகமம். ஆனால் நாம் வாசிக்கும் உபாகமம் இல்லை. 12 முதல் 26-ஆம் அதிகாரம் வரை வரும் சட்டத் தொகுப்பே அதில் இல்லை. பத்துக் கட்டளைகளின் வரிசையும் வேறு. இருதயத்தில் உன் சகோதரனைப் பகைக்காதே என்று ஒரு கட்டளை கூடுதலாக இருந்தது.

அவர் அதைப் பிரதி எடுத்து ஹாலேயில் இருந்த பேராசிரியர் ஷ்லோட்மானுக்கு அனுப்பினார். மோவாப் பாண்டங்களை நம்பித் தன் பெயரையும் கெடுத்துக்கொண்டவர் ஷ்லோட்மான். இது போலி, இப்படி ஒன்றைக் கொண்டுவர உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்கிற தொனியில் பதில் வந்தது. ஷபீரா பட்டைகளைக் கொண்டுபோய் வங்கியில் வைத்துவிட்டார். ஏறக்குறைய ஐந்து வருடம் அவை அங்கேயே கிடந்தன. மோசடி செய்து பணம் பார்க்க நினைத்தவன் சரக்கைச் செய்து முடித்து ஐந்து வருடம் பூட்டி வைப்பானா? அது நிரூபணம் ஆகாதுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிற விஷயம்.

1883-ல் மறுபடி எடுத்துக்கொண்டு ஐரோப்பா போனார். பெர்லினில் லெப்சியுஸ் தலைமையில் அறிஞர்கள் கூடி ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, வெட்கங்கெட்ட போலி என்று முடிவு கட்டினார்கள். லைப்சிக்கில் ஹெர்மன் குட்டே மட்டும் பொறுமையாக உட்கார்ந்து படித்தார், படியெடுத்தார், அதே வருடம் புத்தகமாகவும் போட்டார். அவரும் போலி என்றுதான் சொன்னார். எங்கள் பக்கத்துக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். கண்ணால் பார்த்து நிதானமாகப் படித்த ஆளே எதிர்த்தரப்பு சாட்சியாக நிற்கிறார். ஆனால் அவருடைய படி இல்லையென்றால் இன்று பேசுவதற்கு நிறைய மிஞ்சியிருக்காது.

அடுத்து லண்டன். பத்து லட்சம் பவுண்ட் விலை என்று பேச்சு அடிபட்டதும் பத்திரிகைகள் துள்ளின. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எபிரேய பைபிள் அறிஞர் டேவிட் கின்ஸ்பர்க்கை ஆய்வுக்கு அமர்த்தியது. அவர் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பட்டைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து பார்த்தார். அந்த நேரத்தில் பாரிஸிலிருந்து வந்து இறங்கினார் க்ளெர்மோன்-கானோ. பட்டைகளைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்று ஷபீரா தடுத்துவிட்டார். மிச்சத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணாடி வழியே பார்த்தார். சில நாளில் தீர்ப்பு தயார்: யூத ஜெபஆலயத்துத் தோரா சுருள் (மோசேயின் ஐந்து புத்தகங்கள் எழுதிய சுருள்) ஒன்றின் அடியோரத்தை வெட்டி எடுத்து, அதில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கின்ஸ்பர்க்கும் அதையே சொல்லிவிட்டார். எழுதியவர் வட ஐரோப்பிய யூதராக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அது யாரைக் குறிக்கிறது என்று விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. 'பஞ்ச்' பத்திரிகை, விரலில் மை சொட்டச் சொட்ட ஷபீராவைப் பிடித்து நிறுத்துவது போலக் கேலிச்சித்திரம் போட்டது. யூத முகத்தை வைத்து அன்றைக்குச் செய்த கேவலமான நையாண்டிதான் அதிலும்.

என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள், இந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டு வாழ முடியுமென்று தோன்றவில்லை என்கிற பொருளில் கின்ஸ்பர்க்குக்குக் கடிதம் எழுதிவிட்டு ஷபீரா லண்டனைவிட்டுப் போனார். 1884 மார்ச்சில் ரோட்டர்டாமில் ஒரு விடுதியில் தற்கொலை செய்துகொண்டார். குற்ற உணர்ச்சி என்று ஒரு தரப்பும், மானம் போன வேதனை என்று மறுதரப்பும் சொல்கின்றன. ஒரு தற்கொலையை வைத்து இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது. இந்த வாதத்தை நான் எடுப்பதே இல்லை.

இனி, அன்று சொன்ன காரணங்களைப் பாருங்கள். பாலஸ்தீனத் தட்பவெப்பத்தில் தோல் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் தாங்காது என்றார்கள். 1947-ல் சாக்கடலின் மேற்குக் கரையில் கும்ரான் குகைகளில், இன்று சாக்கடல் சுருள்கள் என்று சொல்லப்படும் தோல் சுருள்கள் கிடைத்தன, அதுவும் பெதுயின்கள் கையில், துணியில் சுற்றி. பண்டைய எபிரேய எழுத்தில் தோலில் எழுதிய வேதப் பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கும்ரானில் அந்த எழுத்தில் லேவியராகமச் சுருளே கிடைத்தது. பட்டையில் கீறிய ஓரக் கோட்டை எழுத்து மதிக்கவில்லை, ஆகவே பழைய தோலில் பின்னால் எழுதியது என்றார் க்ளெர்மோன்-கானோ. கும்ரான் சுருள்களில் இடது ஓரக் கோட்டைத் தாண்டி எழுத்து ஓடுவது சகஜம். வேத வாசகம் நமக்குத் தெரிந்ததிலிருந்து இவ்வளவு மாறுபடுமா என்றார்கள். கும்ரானுக்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் அந்தத் தொனியில் கேட்பதில்லை. 1956-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெனாஹம் மன்சூர் வழக்கை மறுபடி திறக்க வேண்டும் என்று எழுதியது இதனால்தான். உடனே பலர் அவர்மேல் பாய்ந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கும்ரான் சுருள்கள் வந்த வழியும் அப்படியொன்றும் சுத்தமானதில்லை. முதலில் கிடைத்த ஏழில் நான்கை சிரிய மறைமாவட்டத் தலைவர் ஒருவர் அமெரிக்காவுக்கு எடுத்துப் போய், 1954-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வரி விளம்பரப் பகுதியில் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தார். 2,50,000 டாலருக்கு விலை போயின. அவற்றையும் போலி என்றும் இடைக்காலத்தவை என்றும் அடித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே தொல்லியலாளர்கள் 1949-ல் குகையைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். ஷபீரா சொன்ன வாதி முஜிப் குகையைத் தேடி அன்று யாரும் ஆள் அனுப்பவில்லை.

2021-ல் பைபிள் ஆய்வாளர் இதான் டெர்ஷோவிட்ஸ் எடுத்து வைத்த ஆதாரம்தான் என்னை உறுதியாக இந்தப் பக்கம் நிறுத்தியது. பெர்லின் அரசு நூலகத்தில் ஷபீராவின் சொந்தக் குறிப்புத் தாள்கள் இருக்கின்றன. பட்டைகளை எழுத்தெழுத்தாகப் படிக்க அவர் பட்ட பாடு அதில் அப்படியே தெரிகிறது: கேள்விக்குறிகள், அடித்தல் திருத்தல், தப்பான வாசிப்புகள். தானே எழுதிய, அல்லது சொல்லி எழுதவைத்த வாசகத்தைத் தானே படிக்கத் தெரியாமல் ஒருவர் திணறுவாரா? யாருக்கும் காட்டாத தாளில் நடிக்க வேண்டிய அவசியம் என்ன? டெர்ஷோவிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இது உபாகமத்துக்கும் முந்திய மூலம் என்கிறார். அவ்வளவு தூரம் என்னால் வர முடியாது; அது மொழியியல் படித்தவர்கள் தீர்க்க வேண்டியது. எனக்கு அந்தத் தாள்கள் போதும்.

எதிர்த்தரப்பு சும்மா இல்லை. கல்வெட்டியல் அறிஞர் கிறிஸ்டோபர் ரோல்ஸ்டன், குட்டேயின் படியில் காணும் எழுத்து வடிவங்களும் எழுத்துக்கூட்டலும் எந்த ஒரு பழைய காலத்தோடும் பொருந்தவில்லை, இது நவீனப் போலிதான் என்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் சுட்ரோ நூலகத்தில் ஷபீராவின் கையிருப்பிலிருந்து வந்த தோரா சுருள்களில் ஒன்றின் அடியோரம் வெட்டப்பட்டிருப்பதை ஹனான் டிகே என்ற எழுத்தாளர் கண்டெடுத்தார். க்ளெர்மோன்-கானோ சொன்னது சரிதான் என்பதற்கு அதையே சாட்சியாக வைக்கிறார். பழைய தோலில் புதிய மை என்பது கற்பனையும் இல்லை. வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருந்த 16 சாக்கடல் சுருள் துண்டுகளும் போலி என்று 2020-ல் ஆய்வு சொன்னது. அங்கேயும் தோல் பழையதுதான். இவை கனமான வாதங்கள், ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் வெட்டிய ஓரத்தோடு பொருத்திப் பார்க்கப் பட்டை வேண்டுமே? வடிவத்தைப் பற்றிய வாதம் முழுக்க, கறுத்த தோலில் மங்கிய எழுத்தை 1883-ல் இன்னொருவர் கையால் வரைந்த படியை நம்பியது. மூலப் பத்திரம் தொலைந்து நகலை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்து கள்ளக் கையெழுத்தா என்று தீர்மானிக்கச் சொன்னால் எந்த நிபுணரும் தலையைச் சொறிவார்.

பட்டைகள் எங்கே போயின? 1885-ல் சோத்பி ஏலத்தில் 10 பவுண்ட் 5 ஷில்லிங்குக்குப் புத்தக வியாபாரி பெர்னார்ட் குவாரிட்ச் எடுத்தார். பத்து லட்சம் என்று பேசிய பொருள்! பிறகு அவை பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் ஊரில் பிலிப் மேசன் என்ற மருத்துவரிடம் இருந்தன. 1889-ல் அவர் அங்கே ஒரு கூட்டத்தில் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு தடயம் இல்லை.

இதே பாணியில் ரான் வயட்டுக்கும் வாதாடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நோவாவின் பேழை, செங்கடலுக்குள் தேர்ச் சக்கரம், ஜெருசலேமுக்கு அடியில் உடன்படிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொன்ன அமெரிக்கர் அவர், தொழில்முறையில் மயக்க மருந்துச் செவிலியர். அவருக்காக நான் வாதாட மாட்டேன். பட்டம் இல்லாதவர் என்பது அதற்குக் காரணமில்லை, ஷபீராவுக்கும்தான் பட்டம் இல்லை. ஷபீரா தன் பட்டைகளைத் தூக்கிக்கொண்டு லைப்சிக், பெர்லின், லண்டன் என்று நிபுணர்களின் மேசைக்கே போய் வைத்தார். உடன்படிக்கைப் பெட்டியை வயட் எந்த நிபுணரின் மேசையிலும் வைக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது ஷபீராவுக்குச் செய்யும் அநியாயம்.

பட்டைகள் ஏதாவது பழைய வீட்டுப் பரணிலிருந்து கிடைத்து, தோல் பழையது, மை புதியது என்று ஆய்வகம் சொன்னால் சுருளை நான் விட்டுவிடுவேன். எழுதியது ஷபீராதான் என்பதற்கு அப்போதும் தனியாக ஆதாரம் கேட்பேன்.