ஆறு வருட ஐடி அனுபவம், வயது 31, திருமணமாகவில்லை: ஆஸ்திரேலியாவின் 189 விசாவுக்கு 65 புள்ளி போதுமா?

போதாது. 189 என்பது திறமையின் அடிப்படையில் கிடைக்கும் நிரந்தரக் குடியுரிமை (பிஆர்) விசா. 65 என்பது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சம்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கே முதலில் போகும்.

முதலில் ஐடி துறையினரை மதிப்பிடும் ஏசிஎஸ் (ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி) அமைப்பிடம் திறன் மதிப்பீடு வாங்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தாலும், பொதுவாக முதல் இரண்டு வருட அனுபவத்தைக் கழித்துவிடுவார்கள். ஆறு நான்காகிவிடும், அதற்கு 5 புள்ளிதான். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, தனி ஆள் என்பதால் 10, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7 எடுத்தால் 10. மொத்தம் 70. அதே தேர்வில் எல்லாவற்றிலும் 8 எடுத்தால் 80. உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய நெம்புகோல் ஆங்கிலம்தான், அதில் உழையுங்கள்.

அனுபவக் கடிதத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள். வெறும் பதவியும் தேதியும் உள்ள ரிலீவிங் லெட்டர் போதாது. நீங்கள் செய்த வேலைகள் விவரமாக இருக்க வேண்டும். ஹெச்ஆர் மறுத்தால், உடன் வேலை பார்த்தவரின் உறுதிமொழிப் பத்திரத்தைச் சம்பள ஆதாரங்களோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

பிறகு ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கென்று ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு இரண்டு வருடம் செல்லும். கூடவே மாநிலப் பரிந்துரையோடு கிடைக்கும் 190 விசாவையும் பாருங்கள், மாநிலம் பரிந்துரைத்தால் 5 புள்ளி கூடும். அழைப்பு வந்ததும் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்: அழைப்பு வரும் நாளில் 33 வயது ஆகியிருந்தால் 5 புள்ளி போய்விடும்.