ஸ்லோவேனியா வாக்கெடுப்பு: 88-ஆ, 95-ஆ?

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடாவது பற்றி ஸ்லோவேனியா நடத்திய வாக்கெடுப்பில் கிடைத்த ஆதரவு ஒரு நூலில் 88%, இன்னொன்றில் 95% என்றிருப்பதால் கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி, வகுக்கும் எண்தான் வேறு. 1990 டிசம்பர் 23 அன்று வாக்களித்தவர்களில் சுமார் 95% பேர் ‘ஆம்’ என்றார்கள். வாக்குப்பதிவு ஏறத்தாழ 93%. 0.93-ஐ 0.95-ஆல் பெருக்கினால் மொத்த வாக்காளர்களில் 88%. நீங்கள் 88-ஐயே எழுதுங்கள். ஏனென்றால் வாக்களித்தவர்களில் அல்ல, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்றுதான் சட்டம் கேட்டது. அந்த வெற்றியின் கனம் அதில்தான் தெரியும்.

தேதியிலும் கவனம். முடிவு அறிவித்தது டிசம்பர் 26, சுதந்திரப் பிரகடனம் 1991 ஜூன் 25. இரண்டுமே அங்கே தேசிய விடுமுறை என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பிறகு யூகோஸ்லாவியாவுடன் செய்துகொண்ட பிரியோனி உடன்படிக்கை, பிரகடனத்தின் அமலாக்கத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. ஐரோப்பிய சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அங்கீகாரம் 1992 ஜனவரி 15-இல்தான் வந்தது.